குட்டிப் பசங்களுக்கு கார்ல் பென்ஸ் கதை: எங்கேர்ந்து ஆரம்பிச்சா நல்லாருக்கும்?

உமா_கதைக்கூடை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஏரியா வாசகசாலைல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு வயசுலேர்ந்து எட்டு வயசு வரைக்கும் உள்ள பசங்களுக்கு கதை சொல்றோம். இந்த தடவ "கார் கண்டுபிடிச்சவரு கதை வேணும்"னு பசங்களே கேட்டுட்டாங்க, அதனால கார்ல் பென்ஸ் கதைய எழுதி வச்சிருக்கேன். படிச்சுப் பாத்துட்டு எங்க பசங்க கவனம் சிதறும், எங்க புரியாம முழிப்பாங்கன்னு சொல்லுங்க.

"ஜெர்மனில கார்ல்ஸ்ரூஹே ஊர் பக்கத்துல 1844 நவம்பர் 25-ஆம் தேதி கார்ல்னு ஒரு பையன் பொறந்தான். அவங்க அப்பா ரயில் இஞ்சின் ஓட்டுறவரு. கார்லுக்கு ரெண்டு வயசு முடியறதுக்குள்ளயே அப்பா இறந்துட்டாரு. அம்மா ஜோசஃபின் கையில காசு இல்லாத நெலமைலயும் பையன நல்ல பள்ளிக்கூடத்துல சேத்துப் படிக்க வச்சாங்க. கார்ல் 15 வயசுலயே பாலிடெக்னிக்ல சேந்து 19 வயசுல முடிச்சுட்டான். அப்புறம் தராசு செய்யுற எடம், பாலம் கட்டுற எடம்னு பல கம்பெனில வேல பாத்துட்டு 1871-ல மான்ஹைம் ஊர்ல கூட்டாளி ஒருத்தரோட பட்டறை போட்டான். 1886 ஜனவரி 29-ல 37435-ங்கிற நம்பர்ல காருக்குக் காப்புரிமை வாங்கினான். 1888-ல அவரு மனைவி பெர்த்தா அந்தக் கார எடுத்துக்கிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டிட்டுப் போனாங்க. 1929-ல கார்ல் இறந்துட்டாரு."

இதுதான் எலும்புக்கூடு, சதை எங்க போடணும்னு நீங்கதான் சொல்லணும்.

ஸ்பேனர்_செல்வம்:

அக்கா தகவல்லாம் சரியா இருக்கு ஆனா கதைல காரே காணோமே. பசங்க கார் கதை கேட்டு வந்திருக்காங்க, நீங்க பள்ளிக்கூடம் காப்புரிமை நம்பர்னு போனா அஞ்சாவது நிமிஷம் எந்திரிச்சு ஓடிடுவானுங்க. நான் பதினெட்டு வயசுலேர்ந்து பட்டறைல நிக்கிறவன், எனக்கு அந்த வண்டி மேல ஒரு தனி பிரியம் உண்டு. அது எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன், அப்படியே பசங்ககிட்ட சொல்லுங்க.

மொத்தம் மூணே சக்கரம். முன்னாடி ஒண்ணு பின்னாடி ரெண்டு. சைக்கிள் மாதிரி கம்பி போட்ட சக்கரம், மேல கெட்டி ரப்பர், காத்து அடிக்கிற டயர் கிடையாது. ரெண்டு முன்சக்கரத்த ஒழுங்கா திருப்புறதுக்கு அப்ப அவருக்கு வழி கெடைக்கல, அதனாலதான் முன்னாடி ஒண்ணோட நிறுத்திக்கிட்டாரு, அதுக்கு வழி கண்டுபிடிச்சு பேடன்ட் வாங்குனது 1893-ல தான். ஸ்டியரிங் வட்டமா இருக்காது, நேரா நிக்கிற தண்டு மேல ஒரு சின்ன கைப்பிடி, அவ்ளோதான். கூரை இல்ல, கதவு இல்ல, ஒரே ஒரு பெஞ்ச் சீட்டு.

சீட்டுக்குப் பின்னாடி இஞ்சின். ஒரே சிலிண்டர், 954 சிசி, ஆனா பவர் முக்கா குதிரைதான்! இன்னைக்கு ஒரு சாதாரண ஸ்கூட்டர்லயே ஏழெட்டு குதிரை இருக்கு. வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர், அதாவது வேகமா சைக்கிள் மிதிக்கிற அண்ணன் அத முந்திட்டுப் போயிடுவான். இஞ்சினுக்குக் கீழ பெரிய இரும்புச் சக்கரம் ஒண்ணு படுத்த வாக்குல இருக்கும், ஃப்ளைவீல். அதக் கையால புடிச்சு சுத்தி விட்டாத்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஏன் படுக்க வச்சாருன்னா, நிக்க வச்சு சுத்தினா வண்டி திரும்பும்போது மக்கர் பண்ணும்னு பயந்தாரு. இந்த மாதிரி யோசனையெல்லாம் படிக்கும்போது எனக்கு அந்த மனுஷன் மேல அப்படி ஒரு மரியாதை வருது.

இஞ்சின் உள்ள என்ன நடக்குதுன்னு கேப்பானுங்க. ஒரு சைக்கிள் பம்ப எடுத்துட்டுப் போங்க. தண்ட இழுக்கச் சொல்லுங்க, காத்து உள்ள வரும். வாய விரலால அடைச்சுட்டு அமுக்கச் சொல்லுங்க, விரல் சுடும். அந்த நேரத்துல உள்ள ஒரு பொறி விழுந்து டப்புன்னு வெடிச்சா தண்டு தானா திரும்பி வரும், அப்புறம் புகைய வெளிய தள்ளணும். இழு, அமுக்கு, வெடி, தள்ளு. பசங்கள நாலு வரிசையா நிக்க வச்சு மாத்தி மாத்தி கத்தச் சொல்லுங்க, நாலாவது சுத்துல வேகம் புடிச்சுரும்.

முகிலோட_அப்பா:

செல்வம் அண்ணே அந்த நாலு வரிசை ஐடியா சூப்பர், எங்க வீட்லயே பண்ணப் போறேன். உமா மேடம், எனக்கு ஒரு சந்தேகம். பெர்த்தா போன பயணத்துல அவங்க கணவர்கிட்ட சொல்லாம விடியக்காலைல ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு வண்டிய எடுத்துட்டுப் போனாங்கன்னு வருது. சின்னப் பசங்ககிட்ட "சொல்லாம போனாங்க, பெரிய ஆள் ஆயிட்டாங்க"ன்னு சொன்னா அது தப்பான எண்ணத்தக் குடுக்காதா? என் பையன் ஏற்கனவே சொல்லாம பக்கத்துத் தெருவுக்குப் போறான், எனக்கு உண்மையிலேயே கவலையா இருக்கு.

ஓய்வுபெற்ற_டீச்சர்:

முகில் அப்பா, முப்பது வருஷம் ஒண்ணாங் கிளாஸ் ரெண்டாங் கிளாஸ் எடுத்தவ சொல்றேன், அந்தக் கவலை வேண்டாம். பசங்க கதைல யாரு பெரியவங்க யாரு சின்னவங்கன்னு நல்லா கவனிப்பாங்க. சொல்லாம போனது அம்மா, பசங்க போனது அம்மாவோட. மேசை மேல சீட்டு எழுதி வச்சுட்டுத்தான் போனாங்க, போய்ச் சேந்ததும் தந்தியும் அடிச்சாங்க. அந்தச் சீட்டையும் தந்தியையும் விடாம சொல்லிட்டா போதும்.

உமா, உன் எழுத்துல எனக்குக் குறையாப் படறது வேற. பெர்த்தாவ கடைசி வரில கொண்டு வந்து நிறுத்தியிருக்க. அவங்க 1871-லயே உள்ள வந்தாச்சும்மா. அந்தக் கூட்டாளி ஆகஸ்ட் ரிட்டர்ங்கிறவரு நம்பிக்கையா நடந்துக்கல, பட்டறை கைய விட்டுப் போற நெலமை. அப்ப பெர்த்தா தனக்கு வர வேண்டிய சீதனப் பணத்த கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கி அவரோட பங்க வாங்கிக் குடுத்தாங்க. 1872 ஜூலைலதான் கல்யாணமே நடந்துச்சு. கல்யாணம் ஆன பொம்பளைக்குத் தன் பேர்ல தொழில் நடத்த சட்டம் எடம் குடுக்காத காலம் அது, அதனால பத்திரத்துல எல்லாம் கார்ல் பேருதான். பணம் போட்டவங்க பேரு எந்தப் பலகையிலும் இல்ல. பொம்பளப் பிள்ளைங்க அந்த ரூம்ல உக்காந்திருப்பாங்கல்ல, அவங்களுக்கு இத முதல்லயே சொல்லணும்.

அப்புறம் 1879 டிசம்பர் 31 ராத்திரி. பட்டறைல ஒரு இஞ்சின், எத்தனையோ தடவ முயற்சி பண்ணியும் ஓட மாட்டேங்குது, கையில காசும் இல்ல. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பெர்த்தாதான் வாங்க இன்னொரு தடவ பாத்துருவோம்னு கூப்பிட்டாங்க. அன்னைக்குத்தான் அது நிக்காம ஓடுச்சு. வெளிய புது வருஷத்துக்கு கோயில் மணி அடிக்குது, உள்ள இஞ்சின் அடிக்குது. இத அந்த மனுஷனே பின்னாடி தன் வாழ்க்கைக் கதைல ஆசையா எழுதியிருக்காரு. பசங்களுக்கு இத சத்தத்தோட சொல்லு.

நெக்கர்_கரை:

வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச ஜேர்மனியில மான்ஹைமுக்குக் கிட்டத்தான் கனகாலமா இருக்கிறன், உந்த இழையைப் பாத்தவுடன எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு. பெர்த்தா போன பாதையை 2008-ல ஒரு நினைவுப் பாதையாத் திறந்து விட்டிருக்கினம், போற வழியும் வாற வழியும் சேத்து 194 கிலோமீற்றர். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அதில ஒரு துண்டு ஓடினனாங்கள்.

விஸ்லோக் எண்ட ஊரில அந்த மருந்துக்கடை இப்பவும் நிக்குது. பெர்த்தாவுக்கு வழியில எரிபொருள் முடிஞ்சு போச்சு, பெற்றோல் செட் எண்ட ஒண்டே உலகத்தில இல்லாத காலம். லிக்ரோயின் எண்டு உடுப்பில கறை எடுக்கிற ஒரு திரவம், அது மருந்துக்கடையிலதான் விக்கும். அவா நேர அங்க போய் வில்லி ஓக்கல் எண்ட மருந்துக்கடைக்காரரிட்ட அதை வாங்கி வண்டிக்குள்ள ஊத்தினவா. அதால அந்தக் கடையைத்தான் உலகத்தின்ர முதல் பெற்றோல் செட் எண்டு இஞ்ச பெருமையாச் சொல்லுவினம். கடைக்கு முன்னால சிலையும் வைச்சிருக்கு. என்ர சின்ன மகள் அதைப் பாத்திட்டு "அப்ப கடைக்காரர் காய்ச்சல் மருந்து எண்டு நினைச்சாரோ"ண்டு கேட்டவள், உமா அக்கா உங்கட பிள்ளையளும் கட்டாயம் உதைக் கேப்பினம்.

லாடன்பூர்க் எண்ட ஊரும் இஞ்ச பக்கத்திலதான், பென்ஸ் கடைசிக் காலத்தில அங்கதான் இருந்தவர். அவரின்ர வீட்டுத் தோட்டத்தில ஒரு கராஜ் இருக்கு, சின்னக் கோட்டைக் கோபுரம் மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறார். பிள்ளையளுக்குப் படம் காட்டுங்கோ, சந்தோசப்படுவினம்.

மூணாவது_பெஞ்ச்:

இவ்ளோ பேரு எழுதியிருக்கீங்க, ஒருத்தரும் கேக்கல, அதனால நான் கேக்குறேன். பென்ஸ் தான் "முதல்" கார் செஞ்சாருன்னு பசங்க மனசுல பதிய வைக்கிறது சரியா? 1769-லயே ஃபிரான்ஸ்ல குன்யோங்கிறவரு பீரங்கி இழுக்க நீராவில ஓடுற மூணு சக்கர வண்டி செஞ்சுட்டாரு. பென்ஸ் செஞ்ச அதே 1886-ல ஜெர்மனிலயே கான்ஸ்டாட் ஊர்ல டெய்ம்லர், மைபாக்னு ரெண்டு இஞ்சினியருங்க நாலு சக்கர வண்டில இஞ்சின் மாட்டி ஓட்டிட்டாங்க. இன்னொருத்தர எல்லாரும் மறந்துடறாங்க, வியன்னால இருந்த சீக்ஃப்ரீட் மார்க்குஸ். 1870 வாக்குலயே ஒரு கைவண்டில பெட்ரோல் இஞ்சின் வச்சுப் பாத்தவரு அவரு. யூதருங்கிறதால நாஜிகள் 1940-ல கலைக்களஞ்சியத்துலேர்ந்து அவர் பேர எடுத்துட்டு டெய்ம்லர், பென்ஸ் பேரப் போடச் சொல்லி உத்தரவே போட்டாங்க, வியன்னால இருந்த அவரோட நினைவுச்சின்னத்தையும் எடுத்துட்டாங்க. அவரோட ரெண்டாவது கார் 1875-ல செஞ்சதுன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, பின்னாடி ஆராய்ச்சில அது 1888-89 வாக்குல செஞ்சதுன்னு ஆயிருச்சு, அது வேற. ஆனா ஒருத்தர் பேர இனத்தால அழிச்சது அழிச்சதுதான். அது தெரிஞ்சும் "முதல் முதல்"னு சொல்லிக் குடுக்க எனக்கு மனசு ஒப்பல.

ஸ்பேனர்_செல்வம்:

பெஞ்ச் தம்பி நீங்க சொல்றது நியாயம். ஆனா பட்டறைக்காரனா ஒண்ணு சொல்லணும். இருக்கிற வண்டில இஞ்சின எறக்குறது வேற, இஞ்சின், சட்டம், செயின், பிரேக்கு, பத்த வைக்கிற கரண்ட்டு எல்லாத்தையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துற மாதிரி ஒரே வண்டியா யோசிக்கிறது வேற. பென்ஸ் பண்ணது ரெண்டாவது. அத ஒண்ணோட நிறுத்தாம செஞ்சு வித்தும் காட்டுனாரு. 1899-ல மட்டும் அவங்க கம்பெனில 572 வண்டி செஞ்சிருக்காங்க, அந்தக் காலத்துக்கு அது மலை மாதிரி கணக்கு. பாரிஸ்ல எமில் ரோஜேங்கிறவரு ஆரம்பத்துலேர்ந்தே வாங்கி வித்துக் குடுத்தாரு.

உமா_கதைக்கூடை:

அப்ப பசங்ககிட்ட "பல ஊர்ல பல பேரு முயற்சி பண்ணாங்க, அதுல ஒருத்தர் கார்ல்"னு ஆரம்பிக்கிறேன். குன்யோ வண்டியோட படம் கிடைக்குது, மார்க்குஸ் பேரையும் சொல்லிடறேன். அழிச்ச விஷயம் அஞ்சு வயசுக்குப் புரியுமான்னு தெரியலையே, டீச்சர் நீங்க என்ன சொல்றீங்க?

ஓய்வுபெற்ற_டீச்சர்:

பேரு மட்டும் சொல்லும்மா, முகத்தையும் காட்டு. பத்து வயசுல அவங்களே தேடிப் படிக்கும்போது பேரு காதுல விழுந்ததா இருக்கணும், இப்ப அது போதும்.

முகிலோட_அப்பா:

சீட்டும் தந்தியும் பத்தி டீச்சர் சொன்னது நிம்மதியா இருந்துச்சு, நன்றிங்க. பயணத்துல என்னென்ன நடந்துச்சுன்னு யாராச்சும் வரிசையா எழுதுங்களேன், நான் ராத்திரி பையனுக்குச் சொல்லணும். கார்ல் ஏன் அவரே ஓட்டிட்டுப் போகலங்கிறதும் எனக்குப் புரியல.

நெக்கர்_கரை:

அதுதான் இந்தக் கதையின்ர உயிரே அண்ணா. கார்ல் பயங்கரமாக் கவனம் பாக்கிற மனுசன், இன்னும் சரியாகேல்லை இன்னும் சரியாகேல்லை எண்டு திருத்திக்கொண்டே இருந்தவர். ஆரம்பத்தில ஓடிப் பாக்கேக்க முற்றத்து மதிலில கொண்டுபோய் இடிச்சும் இருக்கிறார். 1886 ஜூலை 3 மான்ஹைம் றோட்டில சனத்துக்கு முன்னால ஓடிக் காட்டினவர்தான், ஆனா வாங்கிறதுக்கு ஆக்கள் வரேல்லை. குதிரை இல்லாத வண்டியை நம்பி ஆர் காசு குடுப்பினம்? தூர ஓடினாத்தான் சனம் நம்பும் எண்டு பெர்த்தாவுக்கு விளங்கினது.

1888 ஆகஸ்ட். மூத்தவன் ஓய்கேனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13. மான்ஹைமில இருந்து பெர்த்தாவின்ர தாயார் இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் மட்டும், கிட்டத்தட்ட 106 கிலோமீற்றர். அது மட்டும் ஓடினது எல்லாம் கிட்டக்கிட்டத் தூரம்தான், ஓடிப் பழுதானா பட்டறை ஆக்கள் பக்கத்தில நிப்பினம். இது முழுக்கப் புதுத் தூரம்.

எரிபொருள் வாற குழாய் அடைச்சுப் போச்சு, பெர்த்தா தொப்பியில குத்தி இருந்த நீட்டு ஊசியைக் கழட்டிக் குத்தி எடுத்தவா. பத்த வைக்கிற வயர் தேஞ்சு போச்சு, காலுறை நழுவாமல் கட்டுற றப்பர் பட்டியைக் கழட்டி அதில சுத்தினவா. செயின் பழுதாக புறூக்சால் எண்ட ஊரில ஒரு கொல்லர் திருத்திக் குடுத்தவர். ஏத்தம் வந்தா இஞ்சின் இழுக்காது, அந்தப் பெடியள் ரெண்டும் இறங்கித் தள்ளுவினம். இறக்கம் வந்தா மரக்கட்டை பிறேக் தேஞ்சு பிடிக்காது. அப்ப பெர்த்தா பவுஷ்லொட் எண்ட கிராமத்தில ஒரு செருப்புத் தைக்கிறவரிட்டப் போய் கட்டையில தோல் வைச்சு அடிச்சு வாங்கினவா. இண்டைக்கு நாங்கள் மாத்திற பிறேக் லைனிங் அதில இருந்துதான் வந்தது எண்டு இஞ்ச சொல்லுவினம். இஞ்சின் சூடாகித் தண்ணி ஆவியாப் போய்க்கொண்டே இருக்கும், கிணறு கண்ட இடமெல்லாம் நிப்பாட்டித் தண்ணி விட வேணும். பொழுதுபடேக்க போய்ச் சேந்து தந்தி அடிச்சினம்.

ஸ்பேனர்_செல்வம்:

இதப் படிச்சதும் எனக்கு மயிர்க்கூச்செறியுது. அந்தம்மா பண்ணது அத்தனையும் சரியான ரோடு ரிப்பேரு! அடைப்பு எடுத்தது, ஒயருக்கு இன்சுலேஷன் போட்டது, பிரேக்குக்கு தோல் வச்சது. யாரும் பக்கத்துல நின்னு சொல்லித் தரல. திரும்பி வந்து மேடு ஏறலன்னு சொன்ன பெறகு பென்ஸ் மேடு ஏற தனியா ஒரு கியர் சேத்தாரு, அத மறக்காம சொல்லுங்கக்கா. ஓட்டுனவங்க சொன்ன குறைய கேட்டு செஞ்சவரு மாத்துனாரு பாருங்க, எனக்கு இந்தக் கதைலயே அதுதான் பெருசு. அதே வருஷம் மியூனிக் கண்காட்சில வண்டிய வச்சு தங்கப் பதக்கமும் வாங்கிட்டாங்க.

மூணாவது_பெஞ்ச்:

கேக்கவே நல்லாருக்கு. பசங்களுக்கு ஓய்கேன், ரிச்சர்ட் கண்ணு வழியா சொல்லலாமே, 13 வயசுப் பையன் தள்ளுனான்னா ஏழு வயசுக்காரன் உடனே கை தூக்குவான். ஒரு கேள்வி, மெர்சிடிஸ்-பென்ஸ்ல மெர்சிடிஸ் யாருன்னு பசங்க கண்டிப்பா கேப்பாங்க.

உமா_கதைக்கூடை:

அது டெய்ம்லர் கார வாங்கி வித்த எமில் யெல்லினெக்கோட பொண்ணு பேரு. டெய்ம்லர் கம்பெனியும் பென்ஸ் கம்பெனியும் ஒண்ணாச் சேந்தது 1926-ல, அப்ப டெய்ம்லர் இறந்து 26 வருஷம் ஆயிருச்சு. பசங்ககிட்ட ஒரே வரில முடிச்சுக்குவேன், கம்பெனி கதைக்குள்ள போனா மறுபடி செல்வம் தம்பி சொன்ன மாதிரி எந்திரிச்சு ஓடிடுவாங்க.

எல்லாரும் சொன்னத வச்சு நடு பாகத்த இப்படி மாத்தியிருக்கேன்:

"ரிச்சர்டுக்குக் கை வலிக்குது. மேடு இன்னும் முடியல. அண்ணன் ஓய்கேன் அந்தப் பக்கம் தள்ளுறான், இவன் இந்தப் பக்கம். அம்மா கைப்பிடிய கெட்டியாப் புடிச்சிருக்காங்க. வண்டி டக் டக் டக்குனு மூச்சு வாங்குது. உச்சிக்கு வந்தாச்சு! இப்ப எறக்கம். ரிச்சர்ட் ஓடி வந்து ஏறிக்கிட்டான். அம்மா பிரேக்க இழுத்தாங்க. மரக்கட்டை கிரீச்சுங்குது, வண்டி நிக்க மாட்டேங்குது! இன்னும் இழுத்தாங்க, மெதுவா மெதுவா நின்னுச்சு. கீழ எறங்கி கட்டையப் பாத்தா பாதி தேஞ்சு போயிருக்கு. அம்மா என்ன பண்ணாங்க? கிராமத்துக்குள்ள போயி செருப்புத் தைக்கிறவர் வீட்டத் தேடுனாங்க. 'இந்தக் கட்டைக்கு ஒரு செருப்பு போட்டு விடுங்க'ன்னாங்க. அவரும் தோல அளந்து வெட்டி, ஆணி வச்சு அடிச்சுக் குடுத்தாரு."

இந்த எடத்துல நிறுத்தி, பிரேக்குக்கு ஏன் செருப்பு வேணும்னு பசங்ககிட்டயே கேக்கலாம்னு இருக்கேன்.

ஓய்வுபெற்ற_டீச்சர்:

ரொம்ப நல்லாருக்கும்மா. "இந்தக் கட்டைக்கு ஒரு செருப்பு"ங்கிறது நீ கற்பனையா சேத்தது, கதைக்கு அது சரிதான், ஆனா பெரிய பசங்க யாராச்சும் உண்மையா அப்படிச் சொன்னாங்களான்னு கேட்டா கதைக்காக சேத்தோம்னு சொல்லிரு. பெர்த்தா 1849 மே 3 பொறந்தவங்க, 95-ஆவது பொறந்தநாள் கொண்டாடி ரெண்டு நாள் கழிச்சு இறந்தாங்க. அவ்ளோ வயசு வரைக்கும் இருந்தாங்கன்னு சொன்னா பசங்க வாயப் பொளந்து கேப்பாங்க, நான் பாத்திருக்கேன், வயசுக் கணக்குன்னா அவங்களுக்கு அப்படிப் புடிக்கும்.

நெக்கர்_கரை:

அக்கா, அசல் முதல் வண்டி மியூனிக்கில டொய்ச்சஸ் மியூசியத்தில இருக்கு. 1906-ல குடுத்தது. கிட்டப் போய்ப் பாத்தா அந்த ஃப்ளைவீல் நான் நினைச்சதை விடப் பெருசு, ஒரு சின்னப் பிள்ளை நீட்டி நிமிந்து படுக்கலாம் போல கிடக்குது. படம் எடுத்து வைச்சிருக்கிறன், ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் இஞ்ச போட்டு விடுறன்.

ஸ்பேனர்_செல்வம்:

போடுங்கண்ணே, நானும் பாக்கணும். அக்கா, சனிக்கிழமை நான் ஃப்ரீதான். பழைய சைக்கிள் சக்கரம் மூணு, கொஞ்சம் கம்பி, ஒரு பலகை இருந்தா உக்காந்து தள்ளுற மாதிரி ஒண்ணு கட்டித் தரேன். இஞ்சின் இருக்காது, பின்னாடி நின்னு தள்ள ரெண்டு கைப்பிடி மட்டும் வச்சுடறேன். ரிச்சர்டும் ஓய்கேனும் யாருன்னு பசங்களே மாத்தி மாத்தி முடிவு பண்ணிக்கட்டும். பிரேக்குக் கட்டைக்குத் தோல் வேணும், யார் வீட்லயாச்சும் பழைய செருப்பு இருந்தா எடுத்து வைங்க.